பட்டியலைப் பாதியாக வெட்டு

கோவை,
8 பிப்ரவரி

அன்புப் பாப்பாவுக்கு,

அம்மாவுக்கு முழங்கால் எப்படி இருக்கிறது? டாக்டர் சொன்ன பயிற்சியைச் செய்கிறாளா, இல்லை செய்ததாகச் சொல்கிறாளா? ரோம் பயணம் ஏப்ரல் கடைசியில்தான், இன்னும் நாள் இருக்கிறது. தினமும் மொட்டைமாடிக்கு ஒரு தடவையாவது ஏறி இறங்கச் சொல்.

நீ அனுப்பிய ரோம் திட்டத்தை நானும் மாமாவும் சாப்பாட்டு மேஜையில் வைத்துப் படித்தோம். மாப்பிள்ளை போட்டதுதானே? நிமிஷக் கணக்கு சுத்தமாக இருக்கிறது. ஆனால் இரண்டாம் நாளைப் பார். காலை 9 மணிக்கு வாடிகன், 1 மணிக்குச் சாப்பாடு, 1.30 முதல் 3.30 வரை மூன்று தேவாலயங்கள், 4 மணிக்கு ட்ரெவி நீரூற்று, 6.15க்கு இரவுச் சாப்பாடு. அந்த மூன்று தேவாலயங்களும் மத்தியானத்தில் சாத்தியிருக்கும். 6.15க்கு நல்ல உணவகம் எதிலும் அடுப்பே பற்றவைத்திருக்க மாட்டார்கள். திறந்திருப்பதெல்லாம் வாசலில் ஆள் நிறுத்திக் கையைப் பிடித்து இழுக்கிற கடைகள்தான்.

ரோமில் எதைப் பார்க்கிறோம் என்பது இரண்டாம் பட்சம், எந்த நேரத்தில் போய் நிற்கிறோம் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. அந்த ஊர் காலையில் சுறுசுறுப்பாக இருக்கும். மத்தியானம் தேவாலயங்களும் தெருக்கடைகளும் கதவைச் சாத்தும். நாலு மணிக்கு மேல் மறுபடி நடமாட்டம் தொடங்கும். ராத்திரி எட்டு மணிக்குத்தான் சாப்பிட உட்காருவார்கள். அம்மா இத்தனை வருஷமாக நம் வீட்டில் நடத்திவரும் நாளும் இதுதானே? விடிகாலையில் எழுந்து வேலையை முடித்து, சாப்பிட்டுப் படுத்து, சாயங்காலம் எழுந்து கோயிலுக்குப் போகிறவள். அவளை வைத்துத் திட்டம் போடு, ஊருக்கும் பொருந்திவிடும். நாங்கள் என் மாமியாரை அழைத்துப்போனபோது கண்டுகொண்டது இது.

ஹோட்டல் வேண்டாம், வீடு எடுக்கலாம் என்று நீங்கள் முடிவு செய்தது நல்லது. நாலு பேருக்கு இரண்டு அறை என்று பார்த்தால் காசு மிச்சம் என்பது ஒரு பக்கம் இருக்கட்டும். மத்தியானம் வந்து படுக்க ஒரு கட்டில், ஏழு மணிக்குப் பசித்தால் ஒரு கை சாதம் வைக்க ஓர் அடுப்பு, இந்த இரண்டும் இருந்தால்தான் நான் சொல்கிற நாள் நடக்கும்.

நீ அனுப்பிய மூன்று வீடுகளில் கொடி படர்ந்த பால்கனி உள்ள டிராஸ்டேவெரே வீட்டின்மேல்தான் உனக்கு ஆசை என்று தெரிகிறது. படம் அழகாகத்தான் இருக்கிறது. ஆனால் மூன்றாம் மாடி, லிஃப்ட் இல்லை. கீழே உள்ள சந்துகளில் நடுராத்திரி தாண்டியும் கூட்டம் கலையாது. டிராஸ்டேவெரேக்கு சாயங்காலம் போய் நடந்துவிட்டு வரலாம், குடியிருக்க வேண்டாம். பிராத்தியில் இருக்கிற வீட்டைப் பிடி. வாடிகனுக்குப் பக்கம். பத்தொன்பதாம் நூற்றாண்டுக் கடைசியில் கட்ட ஆரம்பித்த பகுதி என்பதால் தெருக்கள் நேராகவும் அகலமாகவும் இருக்கும், நடைபாதை சமதளம். பெரும்பாலான கட்டடங்களில் பின்னால் சேர்த்த லிஃப்ட் உண்டு. ஒரே நேரத்தில் இரண்டு பேரும் ஒரு பெட்டியும்தான் நுழைய முடியும், ஆனாலும் லிஃப்ட் லிஃப்ட்தான்.

முன்பணம் கட்டுவதற்கு முன் விளம்பரத்தில் ஓர் எண் இருக்கிறதா என்று பார். 2025 ஜனவரி முதல் இத்தாலியில் சுற்றுலாப் பயணிகளுக்கு விடும் வீடு ஒவ்வொன்றுக்கும் தேசிய அடையாள எண் வேண்டும், அதை விளம்பரத்திலேயே போட வேண்டும். எண் இல்லாத வீட்டை விட்டுவிடு. விசாவுக்குக் கொடுக்கும் முன்பதிவுக் கடிதத்தில் நாலு பேர் பெயரும் இருக்கட்டும், உன் பெயர் மட்டும் இருந்தால் கேள்வி வரும். மருத்துவக் காப்பீடு குறைந்தது 30,000 யூரோவுக்கு இருக்க வேண்டும் என்பது உனக்கே தெரியும். அம்மாவுக்கு ஏற்கெனவே உள்ள வியாதிகளுக்கும் அது செல்லுமா என்று தனியாகக் கேள்.

போய் இறங்கியதும் வீட்டுக்காரர் பாஸ்போர்ட் கேட்பார், பயப்படாதே. தங்குகிறவர்களின் விவரத்தை 24 மணி நேரத்துக்குள் போலீசுக்குத் தெரிவிப்பது அங்கே சட்டம். நகராட்சி வரி என்று ஆளுக்கு, இரவுக்கு இத்தனை யூரோ என்று தனியாக வாங்குவார்கள். பத்து இரவு வரைக்கும்தான் அந்தக் கணக்கு. வாடகையில் சேர்ந்ததா, கையில் தர வேண்டுமா என்று முன்னாலேயே கேட்டு வைத்துக்கொள்.

வீட்டுக்குள் சில விஷயங்கள். வாசற்கதவு இழுத்துச் சாத்தினால் தானே பூட்டிக்கொள்ளும், வெளியிலிருந்து சாவி இல்லாமல் திறக்காது. குப்பை போட இறங்கும்போதுகூடச் சாவி இடுப்பில் இருக்கட்டும். வீட்டு மின்சாரம் பெரும்பாலும் 3 கிலோவாட்தான். துணி துவைக்கும் மெஷினும் ஓவனும் தண்ணீர்க் கெட்டிலும் ஒன்றாக ஓடினால் ஃபியூஸ் விழும். சுவிட்ச் பெட்டி எங்கே இருக்கிறது என்று முதல் நாளே வீட்டுக்காரரிடம் கேட்டு வை. ரோமில் ஹீட்டருக்கும் சட்டப்படி காலம் உண்டு, நவம்பர் 1 முதல் ஏப்ரல் 15 வரை. நீங்கள் போகும்போது அணைத்திருப்பார்கள். பகலில் வெயில் சுகமாக இருக்கும், ராத்திரி கல் சுவர் குளிரும். அம்மாவின் கம்பளிச் சட்டையையும் காலுறையையும் மறக்காதே.

அம்மா வெளியில் சொல்லாமல் மனசுக்குள் கவலைப்படும் விஷயம் ஒன்று உண்டு, உனக்கும் தெரியும். அதைத் தீர்த்துவிடுகிறேன். 1975இலிருந்து இத்தாலியில் வீட்டுக் குளியலறையில் கழுவிக்கொள்ள பிடே இருக்க வேண்டும் என்பது சட்டம். கழிப்பறைக்குப் பக்கத்திலேயே குழாயோடு சின்னத் தொட்டி. என் மாமியார் அதைப் பார்த்த பிறகுதான் ஐரோப்பாவை மதித்தார்கள்.

காபி? ஃபில்டரைத் தூக்கிக்கொண்டு போகாதே. எந்த வீட்டிலும் அலமாரியில் எட்டுப்பட்டை அலுமினியப் பாத்திரம் ஒன்று இருக்கும், அதுதான் மோக்கா. அடிப்பாகத்தில் ஒரு சின்ன வால்வு தெரியும். அதற்குக் கீழே நிற்கும்படி தண்ணீர் ஊற்று. நடுவில் உள்ள சல்லடைக் கிண்ணத்தில் பொடியை நிரப்பு, அழுத்தாதே. மேல்பாகத்தை இறுகத் திருகி, சின்னத் தீயில் வை. மூடியைத் திறந்து வைத்துப் பார்த்துக்கொண்டிரு. நடுக்குழாயிலிருந்து கருப்பாக, தேன் போல இறங்கிவரும். நிறம் வெளுத்து நுரை சீறத் தொடங்கினதும் அடுப்பை அணைத்துவிடு, இல்லாவிட்டால் கசந்துபோகும். அந்த டிகாஷனில் கொழுப்பெடுக்காத பாலைக் காய்ச்சி ஊற்றினால் அம்மா ஒரு வார்த்தை குறை சொல்ல மாட்டாள். சொன்னாலும் சிக்கரி இல்லை என்றுதான் சொல்வாள்.

இனி நாள் எப்படிப் போக வேண்டும் என்று சொல்கிறேன்.

காலை ஏழு மணிக்கு செயின்ட் பீட்டர்ஸ் தேவாலயம். பிராத்தியிலிருந்து நடந்தே போகலாம். உள்ளே போக டிக்கெட் கிடையாது, பாதுகாப்புச் சோதனை வரிசை மட்டும்தான். பத்து மணிக்கு அது சதுக்கத்தைச் சுற்றி வளைந்து நிற்கும், ஏழு மணிக்கு இருக்காது. நுழைந்ததும் வலப்பக்க முதல் சிற்றாலயத்தில் மைக்கேலாஞ்சலோவின் பியத்தா. 1972இல் ஒருவன் சுத்தியலால் உடைத்த பிறகு கண்ணாடி போட்டுவிட்டார்கள். காலையில் மட்டும்தான் அதன் முன்னால் பிறர் தலை மறைக்காமல் நிற்க முடியும். குவிமாடத்துக்கு 551 படி. லிஃப்ட் ஒரு பகுதிதான், மிச்சம் 320 படியை ஏறித்தான் ஆக வேண்டும். அம்மாவைக் கீழே உட்காரவைத்துவிட்டு நீங்கள் மூவரும் போய்வாருங்கள். புதன்கிழமை காலை மட்டும் போகாதே, போப்பாண்டவர் மக்களைச் சந்திக்கும் நாள். சேலை கட்டிய அம்மாவுக்கு உடைக் கட்டுப்பாட்டில் சிக்கல் வராது. உன் மகளுக்குத் தோளும் முழங்காலும் மூடியிருக்க வேண்டும், சொல்லிவை.

வாடிகன் அருங்காட்சியகத்தை இன்னொரு நாளுக்குத் தள்ளு. அது ஒரு நாள் வேலை. ஞாயிற்றுக்கிழமை மூடியிருக்கும். மாதத்தின் கடைசி ஞாயிறு மட்டும் இலவசமாகத் திறப்பார்கள், அன்று கூட்டம் நெரியும், அந்த இலவசம் நமக்கு வேண்டாம். சிஸ்டைன் சேப்பல் கடைசியில்தான் வரும், அதற்கு முன்னாலேயே கால் ஓய்ந்துவிடும். சுவர் ஓரம் பெஞ்சு இருக்கும். இடம் கிடைத்தால் அம்மாவை உட்காரவைத்து அண்ணாந்து பார்க்கச் சொல். படம் எடுக்கக் கூடாது, அதுவும் நல்லதுதான்.

கொலோசியத்துக்கு அதிகாரபூர்வத் தளத்தில் முன்கூட்டியே டிக்கெட் வாங்கு. டிக்கெட்டில் பெயர் இருக்கும், பாஸ்போர்ட்டைப் பார்த்துத்தான் விடுவார்கள். அதே டிக்கெட்டில் ஃபோரமும் பாலட்டைன் குன்றும் அடங்கும். ஃபோரத்தில் பழைய கற்பாதை மேடுபள்ளமாக இருக்கும், நிழல் குறைவு, அதனால் காலையில் அதை முதலில் முடி. அங்கே மேக்சென்டியஸ் மண்டபம் என்று மூன்று பெரிய வளைவுகள் நிற்கும். அது எழும்புவதற்கு முன் அதே இடத்தில் பேரரசர் டொமிஷியன் கட்டிய மிளகுக் கிடங்கு இருந்தது. சேர நாட்டு முசிறியில் ஏற்றிய மிளகு செங்கடல் வழியாக இங்கேதான் வந்து அடைந்தது. மாமா அந்த இடத்தில் நின்று பெரிய சொற்பொழிவே ஆற்றினார், நாங்கள் தப்பிக்க முடியவில்லை. சாயங்காலம் டெஸ்டாச்சோ பக்கம் போனால் இன்னொன்றும் காட்டுவார்கள். 35 மீட்டர் உயரக் குன்று, முழுக்க உடைந்த எண்ணெய்ச் சாடிகள். அடிவாரத்து உணவகங்கள் சிலவற்றில் கண்ணாடிச் சுவருக்குப் பின்னால் அந்த ஓடுகள் அடுக்கடுக்காகத் தெரியும். 1945இல் அரிக்கமேட்டில் தொல்லியலாளர் வீலர் தோண்டி எடுத்த ரோமானியச் சாடித் துண்டுகள் இந்த வம்சம்தான்.

தேவாலயங்களுக்கு இரண்டு நேரம்தான். பதினொன்றரைக்குள், இல்லையென்றால் நாலு மணிக்கு மேல். உன் பட்டியலில் இருக்கிற பத்தில் இரண்டை மட்டும் வைத்துக்கொள். இரண்டும் நவோனா சதுக்கத்துக்குப் பக்கத்தில், நாலைந்து நிமிஷ நடை, காசு கிடையாது. ஒன்று சான் லூயிஜி. உள்ளே இடப்பக்கக் கடைசியில் இருட்டான ஒரு மூலை. மதிப்புமிக்க மூன்று காரவாஜோ ஓவியங்கள் அங்கே இருக்கின்றன என்று பார்த்தால் தெரியாது. ஓரத்தில் இருக்கும் பெட்டியில் நாணயம் போட்டால் விளக்கு எரியும். ஓர் ஓவியத்தில் வரி வசூலிக்கிற மத்தேயு காசு எண்ணிக்கொண்டிருக்கிறான், வலப்புறமிருந்து வெளிச்சம் சாய்ந்து அவன் முகத்தில் விழுகிறது. அண்ணாந்து பார்த்துக்கொண்டிருக்கும்போதே விளக்கு அணைந்துவிடும். சில்லறை வைத்துக்கொள்.

இன்னொன்று சான்ட் அகோஸ்தினோ. இடப்பக்கம் முதல் சிற்றாலயத்தில் அதே காரவாஜோ வரைந்த மாதா. பெரிய சிம்மாசனமெல்லாம் கிடையாது. குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு, செருப்பில்லாத காலோடு ஒரு வீட்டு வாசற்படியில் சாய்ந்து நிற்கிறாள். எதிரில் யாத்திரை வந்த ஏழை ஆண் ஒருவனும் ஒரு கிழவியும் மண்டியிட்டிருக்கிறார்கள். அந்த ஆணின் உள்ளங்கால் நம் கண்ணுக்கு நேராக இருக்கிறது. பழனிக்குப் பாதயாத்திரை போனவர் கால் போலக் குதிகாலில் அழுக்கேறி, வீங்கி. கிழவியின் தலைத்துணி நைந்திருக்கிறது. அந்தக் காலத்தில் இந்தக் காலைப் பார்த்துத்தான் ஊரில் சலசலப்பாம். என் மாமியார் அதன் முன் கைகூப்பி நின்றுவிட்டார்கள். வழிகாட்டி, காதில் மாட்டும் கருவி, எதுவும் தேவைப்படவில்லை.

அங்கிருந்து பாந்தியன் பத்து நிமிஷ நடைதான். 2023 ஜூலையிலிருந்து அதற்குக் கட்டணம் வாங்குகிறார்கள். பேரரசர் ஹேட்ரியன் கட்டியது, குவிமாடத்தின் விட்டமும் தரையிலிருந்து உச்சி வரை உயரமும் ஒன்றேதான், 43.3 மீட்டர். உச்சியில் ஓட்டை. மழை பெய்தால் உள்ளே நேராக விழும், தரையில் சரிவும் துளைகளும் வைத்து வடிய விட்டிருக்கிறார்கள். மழை வந்தால் அன்று ஓடிப்போய்ப் பாருங்கள், எல்லாரும் மழையை விட்டு ஓடும்போது நீங்கள் மழையைப் பார்க்க உள்ளே ஓடலாம்.

ஒரு மணிக்குச் சாப்பாடு, இரண்டரைக்கு வீடு, நாலு வரை தூக்கம். இதில் மாப்பிள்ளை பேரம் பேசினால் விடாதே. பல அடுக்ககங்களில் மத்தியானம் இரண்டு முதல் நாலு வரை சத்தம் போடக் கூடாது என்று எழுதியே வைத்திருப்பார்கள். ஊரே ஒத்துழைக்கிறது, தூங்குங்கள்.

சாப்பாட்டு விஷயம். ரோமுக்கென்றே நாலு பாஸ்தா உண்டு. கார்பொனாரா, அமாட்ரிச்சானா, க்ரீச்சா மூன்றிலும் பன்றிக் கன்னக்கறி விழும். மிஞ்சுவது காச்சோ எ பேப்பே மட்டும், சீஸும் மிளகும். மிளகு தூக்கலாக இருப்பதால் அம்மாவுக்குப் பிடிக்கும். ஆனால் அதில் போடும் பெக்கொரினோ சீஸை ஆட்டுக்குட்டியின் வயிற்றிலிருந்து எடுக்கும் உறைப்பொருளால்தான் உறையவைக்கிறார்கள். பார்மெசானும் அப்படித்தான், கன்றுக்குட்டி. அம்மாவிடம் இதைச் சொல்வதா என்பதை நீயே முடிவு செய். சொன்னால், மரினாரா பீட்ஸா என்று கேட்டு வாங்கு. தக்காளி, பூண்டு, ஓரிகானோ, எண்ணெய், சீஸே கிடையாது. பூசணிப்பூ பஜ்ஜியைக் கண்டதும் கை நீட்டிவிடாதீர்கள். உள்ளே நெத்திலி வைத்திருப்பார்கள். ஏப்ரலில் ஆர்டிசோக் காலம் முடிந்திருக்காது. யூதர் தெருவில் அதை முழுசாகப் பூப்போல விரித்துப் பொரித்துக் கொடுப்பார்கள், இதழ் இதழாக மொறுமொறுவென்று இருக்கும். வேளை தவறிப் பசித்தால் எடைக்கு வெட்டிக் கொடுக்கும் பீட்ஸாக் கடை எல்லாத் தெருவிலும் உண்டு. எவ்வளவு வேண்டும் என்று கையால் காட்டினால் கத்தரிக்கோலால் வெட்டி, நிறுத்துத் தருவார்கள்.

காபிக் கடையில் நின்றே குடியுங்கள். கவுன்டரில் ஒரு யூரோவுக்குக் கொஞ்சம் மேல் இருக்கும் எஸ்பிரஸோ, சதுக்கத்து மேஜையில் உட்கார்ந்ததும் பல மடங்காகிவிடும். உணவகத்தில் கேட்காமலே ரொட்டி வரும், பில்லிலும் வரும். தண்ணீரைக் காசு கொடுத்து வாங்காதே. தெருமுனைகளில் இரும்புக் குழாய்த் தூண்கள் இருக்கும், 1870களிலிருந்து வைத்தவை, நாள் முழுக்க ஓடிக்கொண்டே இருக்கும். குழாய் வாயை விரலால் அடைத்தால் மேலிருக்கும் துளை வழியாகத் தண்ணீர் எழும்பி நேராக வாய்க்கு வரும். உன் மகளுக்கு இதுதான் ரோமில் பிடித்த இடமாக இருக்கும், பார்த்துக்கொள்.

வீட்டில் சமைக்கும் நாளுக்கு டெர்மினி ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில் எஸ்குவிலினோ சந்தை. பங்களாதேசக்காரர்கள் கடை வைத்திருக்கிறார்கள், வெண்டைக்காய், கொத்தமல்லி, பருப்பு, இஞ்சி எல்லாம் கிடைக்கும். காலையில் போ, ஞாயிறு கிடையாது. சூப்பர் மார்க்கெட்டில் காய் எடுக்க முதலில் பிளாஸ்டிக் கையுறை மாட்ட வேண்டும், பிறகு நாமே எடை போட்டு ஸ்டிக்கர் ஒட்ட வேண்டும். வெறுங்கையால் தக்காளியை அமுக்கிப் பார்த்தால் பக்கத்தில் நிற்கும் பாட்டி முறைப்பாள். அங்கே கிடைக்கும் ரிசோட்டோ அரிசி சாம்பாருக்கு ஆகாது, தயிர்சாதத்துக்குக் குழைந்து அருமையாக வரும்.

மிச்சம் சில்லறை. பஸ் டிக்கெட் 1.50 யூரோ, 100 நிமிஷம் செல்லும். ஏறினதும் முத்திரை குத்த வேண்டும், இல்லையென்றால் டிக்கெட் இருந்தும் அபராதம். 64ஆம் எண் பஸ்ஸிலும் மெட்ரோவிலும் கைப்பை முன்னால் இருக்கட்டும், தாலிக்கொடியை ஊரிலேயே வைத்துவிட்டுப் போ. ஸ்பானியப் படிக்கட்டில் அம்மாவை உட்காரவிடாதே, 2019இலிருந்து அங்கே உட்கார்ந்தால் அபராதம். பழைய தெருக்களில் பதித்திருக்கும் கருங்கல் வழுக்கும், செருப்பு வேண்டாம், ரப்பர் அடி வைத்த ஷூ வாங்கிக்கொடு. சேலைக்கு ஷூவா என்று சண்டை போடுவாள். என் மாமியார் ஷூ போட்ட படத்தைக் காட்டு, வாயை மூடிக்கொள்வாள்.

ஏப்ரல் 25 அங்கே விடுதலை நாள், அரசு விடுமுறை. அன்று கொலோசியம் பக்கமே போகாமல் சாயங்காலம் அவென்டைன் குன்றின் ஆரஞ்சுத் தோட்டத்துக்குப் போங்கள். டாக்ஸியில் மேலேயே இறங்கலாம்.

பட்டியலைப் பாதியாக வெட்டி மறுபடி அனுப்பு. எதை வெட்டுவது என்று மாப்பிள்ளையோடு சண்டை வந்தால் என்னைக் கூப்பிடு, மாமாவை அவரோடு பேசச் சொல்கிறேன். மிளகுக் கிடங்கை மட்டும் வெட்டிவிடாதே, மாமா மனசு தாங்காது.

அம்மாவுக்கு என் அன்பு. குழந்தைக்கு முத்தம்.

பாசமுள்ள,
அக்கா

பி.கு.: அம்மா நெய் ஜாடியும் பால்கோவாவும் பெட்டியில் வைப்பாள். பால் பொருளையும் இறைச்சியையும் ஐரோப்பாவுக்குள் விடமாட்டார்கள். கறிவேப்பிலைக் கொத்துக்கும் இதே கதிதான். ரசப்பொடி, பருப்புப்பொடி, ஊறுகாய் போகும். கிளம்புவதற்கு முந்தின ராத்திரி அவள் தூங்கின பிறகு பெட்டியைத் திறந்து ஒரு தடவை பார்த்துவிடு.